கடுகண்ணாவை மிளகும் மூன்று நாள் மென்திறனும்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பணிப்பாளரிடம் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. கூட்டத்தில் அவர் எதைச் சொன்னாலும் “ஹொந்தய் சேர்” என்போம். நல்லது சேர் என்று அர்த்தம். உடன்பாடு இல்லாதவர்கள் “பலமு சேர்” என்பார்கள், பார்ப்போம் சேர். அதற்கு மேல் எதிர்ப்பு என்று ஒன்று எங்கள் வழக்கத்தில் இல்லை. மண்ணில் எவ்வளவு அமிலம், இலையில் எவ்வளவு சத்து என்று அளக்க இயந்திரம் வைத்திருந்தோம். குளிர் அறை பழுதாகிவிட்டது என்று ஒரு மனிதரிடம் போய்ச் சொல்ல மட்டும் எங்களில் ஒருவருக்கும் வாய் வராது.

அந்த வேலைக்குத்தான் நான் இருந்தேன். சம்பளப் பட்டியலில் நான் ஆராய்ச்சி உத்தியோகத்தர், மிளகுப் பிரிவு. நடைமுறையில் கெட்ட செய்தி காவுகிறவன். காலைத் தேநீர் நேரத்தில் யாராவது வந்து என் காதில் விஷயத்தைப் போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். நான் பிளேன்டீயைக் கையில் பிடித்துக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குள் போவேன்.

“சேர், நம்ம ஜீப் பென்ஷன் கேட்டு எழுதியிருக்கு.”

அவர் சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு, “கியர்பொக்ஸா?” என்று கேட்பார்.

“குளிர் அறையில இருக்கிற விதையெல்லாம் முளைச்சு வந்து லீவு கேக்குது சேர்.”

சிரித்துக்கொண்டே தொலைபேசியை எடுத்து ஆள் கூப்பிடுவார். இதெல்லாம் சிங்களத்தில் நடந்த பேச்சு. என் தமிழைவிட என் சிங்களம் பகிடிக்கு நன்றாக வளைந்துகொடுக்கும்.

பகிடி எனக்குப் பிறவிக் குணம் என்று என் மனைவி உட்பட எல்லாரும் நம்புகிறார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான் தமிழன். எங்கேயாவது குண்டு வெடித்தால், மறுநாள் நான் சாப்பாட்டு அறைக்குள் நுழையும்போது பேச்சு நின்றுவிடும். அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கரண்டி தட்டில் படுகிற சத்தம் மட்டும் கேட்கும், அவ்வளவுதான். அப்படி ஒரு நாள் என் சோற்றுப் பார்சலைத் தூக்கிக் காட்டி, “வேணும்னா சோதிச்சுப் பாருங்க. உள்ள பருப்பு மட்டும்தான் இருக்கு. அது வெடிச்சா எனக்குத்தான் ஆபத்து” என்றேன். கூரை அதிரச் சிரித்தார்கள். ஒருவர் நகர்ந்து எனக்கு வாங்கில் இடம் விட்டார். அன்றிலிருந்து நான் அந்த நிலையத்தின் கோமாளி. பயத்தில் பிறந்த பிள்ளைதான் அந்தப் பகிடி. பார்க்க லட்சணமாக இருந்ததால் எல்லாரும் தூக்கிக் கொஞ்சினார்கள்.

இனி மிளகு.

கடுகண்ணாவையில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, எங்கள் நிலையத்துக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. மேலே எல்லாம் செங்குத்து. அடியில் மட்டும் கொஞ்சம் சமதரை, மழைக்குத் தண்ணீர் தேங்குகிற தரை. அங்கே என் மிளகுக் கொடிகள் கிளிரிசிடியா மரங்களில் படர்ந்து நின்றன. அந்த மண்ணில் வாடல் நோய் இருந்தது. மழை பிடித்தால், இன்றைக்குப் பச்சையாக நிற்கிற கொடி அடுத்த கிழமை கறுத்துத் தொங்கும். நான் வேண்டுமென்றேதான் அங்கே நட்டேன். எந்தக் கொடி நோயைத் தாங்குகிறது என்று நோய்க்குள் விட்டுப் பார்த்தால்தானே தெரியும். பல ஊர்களிலிருந்து கொடி கொண்டுவந்து வருஷா வருஷம் நட்டேன். அவையும் வருஷா வருஷம் செத்தன. பக்கத்து ஊர் ஆட்கள் நான் மிளகுக்கு மயானம் நடத்துவதாகச் சொன்னார்கள்.

ஒரே ஒரு வரிசை சாகவில்லை.

ஏன் சாகவில்லை என்று எனக்குத் தெரியாது. அதிர்ஷ்டத்துக்குத் தப்பியதா, உண்மையிலேயே நோயைத் தாங்குகிறதா என்று சொல்ல, இன்னும் இரண்டு மழைக்காலம் அது அதே மண்ணில் நிற்க வேண்டும். நின்றுவிட்டால், வாடலில் தோட்டத்தை இழந்தவர்களுக்கு அதன் தண்டை வெட்டித் தைரியமாகக் கொடுக்கலாம். வேறு நிலத்துக்கு மாற்றினால் ஒன்றும் தெரியவராது. நல்ல மண்ணில் எந்தக் கொடியும்தான் நிற்கும். நோய் பிடித்த மண்ணை அள்ளி இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. கூடாது என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுச் சொன்னவனே நான்தான்.

என் உத்தியோகத்தில் நான் சிரிக்காமல் செய்த ஒரே வேலை அது.

ஒரு மாதாந்தக் கூட்டத்தில், எல்லாரும் கதிரையைப் பின்னுக்குத் தள்ள ஆரம்பித்த நேரத்தில், பணிப்பாளர் தன் மெல்லிய குரலில் சொன்னார்:

“கடுகண்ணாவையில அந்தக் கீழ்த் தரையில பயிற்சி மண்டபம் ஒண்ணு கட்டப்போறோம். மேலிடத்துல காசு ஒதுக்கிட்டாங்க. இந்த வருஷத்துக்குள்ள வேலை தொடங்கலேன்னா காசு திரும்பிப் போயிடும்.”

“ஹொந்தய் சேர்” என்று மேசையைச் சுற்றிச் சத்தம் வந்தது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் “பலமு சேர்” என்றேன்.

வராந்தாவில் என் சக உத்தியோகத்தர் என்னைப் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துப் பெண், பூஞ்சை நோய்ப் பிரிவு. என் கொடிகளின் வேரை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துச் சொல்கிறவர் அவர்தான். என்னைவிட ரொம்ப இளையவர்; ஆனால் என்னை அதட்டுகிற உரிமையைச் சேர்ந்த முதல் வாரமே எடுத்துக்கொண்டார்.

“அண்ணை, அந்தக் காணியிலதானே உங்கட மிளகு நிக்குது?”

“ஆமா.”

“பிறகேன் பலமு எண்டனீங்கள்?”

“வாய்க்கு அதுதான் வந்துச்சு.”

“வழமை மாதிரி ஒரு பகிடியாச் சொல்லுங்கோவன். நீங்கள் சொன்னா அவர் கேப்பார்.”

போனேன். பிளேன்டீயோடுதான் போனேன். “சேர், மண்டபம் கட்டுற செய்தி கேட்டு மிளகெல்லாம் தொழிற்சங்கம் வச்சிருச்சு” என்றேன். நன்றாகவே சிரித்தார். “ஹரி ஹரி”, சரி சரி, என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் மனைவியின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். நான் காலிக் கோப்பையோடு வெளியே வந்தேன். கியர்பொக்ஸுக்கு ஆள் கூப்பிடலாம். மிளகுக்கு யாரைக் கூப்பிடுவார்?

அந்த நேரத்தில்தான் செயலமர்வு வந்தது. ஆராய்ச்சியாளர்களுக்கும் விஞ்ஞான முகாமையாளர்களுக்கும் மென்திறன் பயிற்சி, மூன்று நாள், கண்டிக்கு மேலே அம்பிட்டியவில் ஒரு மலை ஹோட்டலில், தினமும் வீட்டிலிருந்து போய்வருகிற மாதிரி. எங்களுக்கு ஆராய்ச்சி தெரிகிறது, மனிதரோடு பேசத் தெரியவில்லை என்று மேலே யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடிப்பு சரிதான். முகாமையாளர் என்ற கணக்கில் பணிப்பாளரும் வந்தார்.

பயிற்சி நடத்தும் வளவாளர் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண்மணி. பருத்திச் சேலை, கழுத்தில் பெரிய மரமணி மாலை, ஆங்கிலமும் சிங்களமும் கலந்த பேச்சு. வந்ததும் கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி இரண்டு விதி எழுதினார். இந்த அறைக்குள் பதவி இல்லை. இந்த அறையில் பேசியது இந்த அறையோடு போகும். பணிப்பாளர் உடனே டையைக் கழற்றிச் சட்டைப்பையில் சுருட்டி வைத்தார். கைதட்டினோம். டை இல்லாத பணிப்பாளருக்கும் நாங்கள் எழுந்து நின்றுதான் வழி விட்டோம்.

“நீங்க ஒரு மரமா இருந்தா என்ன மரம்னு சொல்லுங்க” என்றார் வளவாளர்.

பணிப்பாளர் ஆலமரம் என்றார். புள்ளிவிபரப் பிரிவுக்காரர் ரொம்ப யோசித்துத் தென்னை என்றார். என் முறை வந்தபோது, “கிளிரிசிடியா” என்றேன். “கண்டவங்க எல்லாம் என்மேல ஏறிப் படருவாங்க. நிழல் கூடிப்போச்சுன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை என் கையை வெட்டுவாங்க.” பணிப்பாளர்தான் அதிகம் சிரித்தார். வளவாளரும் சிரித்தார், ஆனால் கண்ணை என்மேல் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார்.

முதல் நாள் நூல் உருண்டையை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினோம். நாற்பது கடந்த விஞ்ஞானிகள் காகிதக் கோப்பையில் கோபுரம் கட்டினோம். இரண்டாம் நாள் காலை, கேட்கும் கலை. ஒருவர் பேச வேண்டும். மற்றவர் குறுக்கே பேசாமல் தலையாட்ட வேண்டும். கடைசியில், “நீங்கள் இப்படி உணர்கிறீர்கள் என்று எனக்கு விளங்குகிறது” என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பணிப்பாளர் இதில் கெட்டிக்காரர். இருபது வருஷமாகத் தலையாட்டுவதை மட்டுமே பார்த்தவர், எங்களைவிட நன்றாகத் தலையாட்டினார்.

மத்தியானம், கடினமான உரையாடல். வளவாளர் தாளில் மூன்று வரி எழுதினார். நடந்ததைச் சொல்லு. உனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லு. என்ன வேண்டும் என்று கேள். யாரையும் குற்றம் சொல்லாதே, சுற்றி வளைக்காதே. பிறகு பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:

“பகிடியும் வேண்டாம். சில பேருக்குப் பகிடி ஒரு ஒளியிற இடம். உள்ளே இருக்கிறதைச் சொல்றதுக்குப் பயந்து பகிடி விடுவாங்க. கேக்கிறவங்க சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. விஷயம் அங்கேயே கிடக்கும்.”

என்னைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா தெரியாது. கூட வேலை செய்தவர்கள் இத்தனை வருஷம் காணாததை, நூல் உருண்டையோடு வந்த ஒரு அந்நியப் பெண் ஒன்றரை நாளில் கண்டுவிட்டார். நான் அவரை நம்பிவிட்டேன். செயலமர்வில் கொடுக்கிற பையையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு, சொல்வதை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். சொன்னதை நம்பி வீட்டுக்குக் கொண்டுபோனவன் அந்த அறையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றிரவே வீட்டில் மனைவியிடம் அதைப் பழகிப் பார்த்தேன்.

“நேத்து நான் வந்தப்போ நீ டிவியைப் பாத்துக்கிட்டே சோறு போட்ட. எனக்கு அது வருத்தமா இருந்துச்சு. இனிமே என்னைப் பாத்துப் போடணும்னு கேட்டுக்கிறேன்.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “என்னாங்க, காய்ச்சலா?”

“இல்ல. பயிற்சி.”

“இதுக்கா மூணு நாளைக்கு ஹோட்டல்ல சோறு போடுறாங்க?”

ஆனால் தட்டை வைக்கும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் வைத்தாள். வேலை செய்கிறது என்று எனக்குத் தைரியம் வந்தது.

மூன்றாம் நாள் பாத்திரமேற்று நடித்தல். இருவர் இருவராக நடுவில் உட்கார்ந்து ஒரு கடினமான உரையாடலை நடத்திக் காட்ட வேண்டும். முதலில் வந்தவர்கள் அண்டை வீட்டு நாய் பற்றி ஒன்று, தாமதமாக வரும் சாரதி பற்றி ஒன்று என்று ஆபத்தில்லாததாகப் பேசினார்கள். நான் கையைத் தூக்கினேன்.

“யார்கூட?” என்றார் வளவாளர்.

“சேர்கூட.”

அறையே நிமிர்ந்தது. பணிப்பாளர் சந்தோஷமாக எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். முழங்காலும் முழங்காலும் முட்டுகிற தூரம். யன்னலுக்கு வெளியே கீழே கண்டி நகரம் வெயிலில் கிடந்தது. நான் சிங்களத்திலேயே பேசினேன். வார்த்தைகளை முன்னாலேயே எடுத்து அடுக்கி வைத்திருந்தேன்.

“சேர், கடுகண்ணாவையில கீழ்த் தரையில ஒரு வரிசை மிளகு நிக்குது. மத்ததெல்லாம் செத்துப்போன மண்ணுல அது நிக்குது.”

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். பகிடிக்கு முன்னால் நான் முகத்தை இப்படித்தான் வைத்திருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். பகிடி எங்கே வரும் என்று காத்திருந்தார்கள்.

“மண்டபத்துக்காக அதை வெட்டப்போறீங்கன்னு கேட்டதுல இருந்து எனக்கு வருத்தமா இருக்கு.”

சிரிப்பு. “அனே பவ்!” என்றது ஒரு குரல், ஐயோ பாவம் என்று.

“தயவுசெஞ்சு மண்டபத்தை வேற இடத்துல கட்டுங்க. முடியாட்டி ரெண்டு மழைக்காலம் பொறுங்க. அதுக்குள்ள அந்தக் கொடி நிக்குமா நிக்காதான்னு தெரிஞ்சிரும்.”

“மண்டபத்துல மிளகுக்கு ஒரு ரூம் போட்டுக் குடுங்க சேர்!” என்றார் புள்ளிவிபரக்காரர். கதிரைகள் ஆடின.

நான் திரும்பி, “சிரிக்காதீங்க” என்றேன். “நான் பகிடி விடல.”

அன்றைய நாளின் மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார். நான் மறுபடி பணிப்பாளரைப் பார்த்து, “சேர், நான் உண்மையாத்தான்…” என்று ஆரம்பித்தேன். என் குரல் உடைந்தது. நானே எதிர்பாராமல், நடுவில், காய்ந்த தடி மாதிரி உடைந்தது. “நடிப்புன்னா இதுதான்டா!” என்று கைதட்டினார்கள்.

பணிப்பாளர் சிரிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் நேற்றுக் கற்றுக்கொண்டதை ஒழுங்காகச் செய்தார். குறுக்கே பேசாமல் கேட்டார். தலையாட்டினார். கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். நான் முடித்ததும் மெல்லிய குரலில், “அந்தக் கொடிகளைப் பத்தி நீங்க வருத்தப்படுறீங்கன்னு எனக்கு விளங்குது” என்றார்.

“அற்புதம்!” என்றார் வளவாளர். “எல்லாரும் பாத்தீங்களா? இதுதான் கேக்கிறது!”

சாயந்திரம் பரிசு கொடுத்தார்கள். சிறந்த தொடர்பாடலாளர் நான். ஒரு கோப்பை, அதில் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று.

தேநீர் மேசையில், மீன் பணிஸ் தட்டுக்குப் பக்கத்தில், பணிப்பாளரைத் தனியாகப் பிடித்தேன்.

“சேர், அது நடிப்பு இல்ல.”

“தெரியும்” என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

“தெரியும். நீங்க பேச ஆரம்பிச்சப்பவே தெரியும்.” என் தோளில் கை வைத்தார். “வேற யாராவது இப்படி எல்லார் முன்னாலயும் சொல்லியிருந்தா சண்டையாயிருக்கும். நான் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். நீங்க சொன்னதால எல்லாரும் சிரிச்சிட்டாங்க. யாருக்கும் மனக்கசப்பு இல்ல. அதுதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது.”

“அப்போ மிளகு?”

“மண்டபம் கட்டக் கொந்தராத்துக் குடுத்தாச்சே. அந்தக் காணியில வேற சமதரை எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க.” உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு ஒரு பணிஸை எடுத்து என் தட்டில் வைத்தார். “சாப்பிடுங்க. இது நல்லா இருக்கு.”

அவர் விளங்காமல் இருந்திருந்தால் நான் இன்னொரு தடவை சொல்லியிருப்பேன். விளங்கிக்கொண்ட ஆளிடம் திரும்பச் சொல்ல என்ன இருக்கிறது? பணிஸைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

செயலமர்வுக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துச் சக உத்தியோகத்தரும் நானும் பஸ்ஸில் கண்டிக்கு இறங்கினோம். அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் வளைவுகளில் இறங்கும்போதெல்லாம் என் மடியிலிருந்த கோப்பை, பெட்டிக்குள் தடதடத்தது. நகரத்துக்குள் நுழைந்து நெரிசலில் நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, நானும் சிரிச்சனான்.”

“பரவாயில்ல.”

“பரவாயில்லை எண்டு சொல்லாதேங்கோ. எனக்குத் தெரியும்தானே அந்தக் கொடியள். வேரை வெட்டிப் பாத்தது நான். எண்டாலும் எல்லாரும் சிரிக்கேக்க எனக்கும் வந்திட்டுது.”

“நான் சொன்னா யாருக்கும் அப்படித்தான் வரும்.”

“நீங்கள் அழுதனீங்களோ?”

“நடிப்புன்னு பரிசே குடுத்துட்டாங்களே” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போது சிரித்து என்ன, சிரிக்காமல் என்ன. குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி, “வாறன் அண்ணை” என்று அவர் தன் பஸ்ஸுக்கு நடந்தார்.

பிந்திய நாட்களில் நான் செய்ய முடிந்ததைச் செய்தேன். அந்த வரிசையில் தண்டு வெட்டிப் பதியம் வைத்தேன். ஒரு காலையில் கடுகண்ணாவைக் காணியில் வேலை செய்கிற தொழிலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், மெஷின் வந்துருச்சு. வர்றீங்களா?” என்றார். போனேன். போய் என்ன செய்தேன் என்றால், நின்றேன். மஞ்சள் இயந்திரம் கிளிரிசிடியாக்களைக் கொடியோடு சேர்த்துப் பிடுங்கி ஓரமாகக் குவித்தது. நோயால் சாகாதவை இலை பச்சையாகவே குவிந்து கிடந்தன. சாரதி கண்ணாடியைத் திறந்து, “மாத்தயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். தள்ளி நின்றேன். லொறிக்காரர்கள் அந்த மண்ணை ஏற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள். யாருடைய தோட்டத்தில் கொட்டினார்களோ தெரியாது. அதைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

பதியங்கள் எங்கள் நாற்றங்காலில் செழிப்பாக வளர்கின்றன. நல்ல மண், நல்ல வடிகால். அவை நோயைத் தாங்குமா என்று தோட்டக்காரர்கள் வந்து கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். பக்கத்தில் நிற்கிற சாதாரணக் கொடியும் அதே அளவு செழிப்பாகத்தான் நிற்கிறது.

அதற்குப் பிறகு எனக்குப் பகிடி வரவில்லை. கோபித்துக்கொண்டு நிறுத்தினேன் என்று நினைக்கக்கூடாது. அவ்வளவு ரோஷம் எனக்கு இல்லை. காலையில் பிளேன்டீயோடு எழுந்து நிற்பேன், சொல்ல ஒன்றும் இருக்காது, திரும்ப உட்கார்ந்துவிடுவேன். ஆட்கள் என் காதில் விஷயத்தைப் போட்டால், “நீங்களே போய்ச் சொல்லுங்க” என்றேன். போக மாட்டார்கள். ஜீப் முற்றத்தில் நின்று டயர் இறங்கியது. குளிர் அறை இரண்டாம் முறை பழுதானபோது பணிப்பாளருக்குத் தெரியவரவே நாளாகிவிட்டது. அதற்குள் ஒரு பருவத்து விதை போய்விட்டது. அதற்கும் என்னைத்தான் குறை சொன்னார்கள். முன்பு மாதிரி இல்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், ஆட்களோடு ஒட்டுவதில்லை என்றார்கள். புள்ளிவிபரக்காரர் ஒரு நாள், “மச்சாங், உனக்கு என்ன ஆச்சு? அறிக்கை வாசிக்கிற மாதிரியே பேசுற” என்றார். விஞ்ஞானி ஒருவனைப் பற்றி விஞ்ஞானி ஒருவன் சொல்லும் குறை இது.

பணிப்பாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதிரையைக் காட்டினார்.

“உங்களுக்கும் மத்தவங்களுக்கும் இடையில தொடர்பாடல் கொஞ்சம் குறைஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன். நான் குற்றமாச் சொல்லல. எனக்கு அது வருத்தமா இருக்கு. புது மண்டபத்துல முதல் செயலமர்வு வருது. அதுல நீங்க கலந்துக்கணும்னு கேட்டுக்கிறேன்.”

மூன்று வரியும் வரிசை மாறாமல் வந்தன. மனுஷர் அந்த மூன்று நாளில் உண்மையாகவே படித்திருக்கிறார்.

“ஹொந்தய் சேர்” என்றேன்.

அப்படித்தான் கடுகண்ணாவைக்கு மறுபடி போனேன். மண்டபம் நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். வழுவழுப்பான தரை, சத்தம் போடாத மின்விசிறி. தண்ணீர் தேங்கும் தரையில் கட்டியதால் ஒரு பக்கச் சுவரில் இப்போதே ஈரம் ஏறியிருக்கிறது. கதிரைகள் வட்டமாகக் கிடந்தன. பெரும்பாலும் வேறு நிலையங்களிலிருந்து வந்த இளம் ஆட்கள், என்னைத் தெரியாதவர்கள். வளவாளர் அதே பெண்மணி. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, வட்டத்தின் நடுவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவரைத் தெரியுமா உங்களுக்கு? போன தடவை இவர் செஞ்சதை நான் போற இடமெல்லாம் சொல்றேன். நாங்க எல்லாரும் அழுறளவுக்குச் சிரிச்சோம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களே ஆரம்பிச்சு வைங்க. ஏதாவது சொல்லுங்க” என்றார்.

இளம் முகங்கள் எல்லாம் சிரிப்பதற்கு ஆயத்தமாக என் பக்கம் திரும்பின.

“இந்த இடத்துல முந்தி மிளகு நின்னுச்சு” என்றேன்.

வளவாளர் தலையாட்டினார். புன்னகையை அப்படியே வைத்துக்கொண்டு, மிச்சத்தையும் சொல்லட்டும் என்று காத்திருந்தார். வட்டமும் காத்திருந்தது. எனக்குச் சொல்ல மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.